ஐந்து வயதுக்கு ஒரு மட்டை

“இவ்வளவு இருப்பான்” என்று என் கணவர் தன் இடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அது போன வருஷத்து உயரம்.

கடைக்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐந்து வயதுக் குழந்தைக்கு கோல்ஃப் மட்டை வாங்க, குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்களை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். கடையில் அதைத் தொடும், இதை இழுக்கும் என்று பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம்.

பிள்ளைகள் இரண்டு. இரட்டையர். ஒரு பையன், ஒரு பெண்.

மட்டை பையனுக்கு மட்டும்.

“பாப்பாவுக்கும் ஒண்ணு பார்க்கலாம்” என்று கிளம்பும்போதே சொன்னேன்.

“அவளுக்கு எதுக்கு? ரெண்டு நாள் ஆடிட்டு மூலையில போடுவா” என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. தீர்ப்பு சொல்லியாயிற்று. மேல்முறையீடு கிடையாது.

இந்த ஞானோதயம் அவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. பிள்ளைகள் டிவியில் கோல்ஃப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விளையாட்டு. வளைந்த பிடி வைத்த குடையைத் தலைகீழாகப் பிடித்து, சுருட்டிய காலுறையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலுறைக்குப் பதிலாக ரப்பர் பந்து. பிள்ளைகளில் ஒன்று அடித்தது. இன்னொன்று காதைப் பொத்திக்கொண்டது. அலமாரிக் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கொட்டியது.

முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு தூங்கியவர் எழுந்து ஓடிவந்தார். யார் அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்னா அடிடா சிங்கக்குட்டி!” என்று பையனைத் தூக்கிக்கொண்டார். சிங்கக்குட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. முத்தத்தில் அமுங்கிப்போனது.

“பாப்பா, கண்ணாடி கிடக்கு. உள்ள போ.” அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

வாரம் முழுக்க ஆபீசில், போனில், மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் இந்த அடியைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு தடவை குறுக்கே ஒன்று சொல்லப் போனேன். இரண்டு தடவையும் போனைக் காதில் வைத்தபடி கையைக் காட்டி நிறுத்தினார். போகட்டும் என்று நானும் விட்டேன். விட்டது தப்பு.

இப்போது கடையில் பெரியவர்கள் மட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இதையே கொஞ்சம் அறுத்துக் குடுங்களேன்.”

“மட்டைத் தலையோட கனம் அப்படியே இருக்குமே சார். பிள்ளை மட்டையை வீசாது. மட்டைதான் பிள்ளையை வீசும்.”

சரி, அப்படியானால் ஒரு அளவு பெரியதாகக் கொடுங்கள், வளர்ந்துவிடுவான் என்றார். பள்ளிக்கூடச் சீருடை என்று நினைப்பு. கடைக்காரர் அதற்குமேல் அவரிடம் மல்லுக்கட்டாமல் என் பக்கம் திரும்பி உயரம் கேட்டார்.

நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றேன்.

“நல்ல உயரம்” என்று சிவப்புப் பட்டை போட்ட மட்டைகளைத் தாண்டி, அடுத்த அளவான மஞ்சள் பட்டைக்குப் போனார் அவர்.

“எங்க பக்கம் எல்லாருமே உயரம்” என்று என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“எந்தக் கை சார்?”

என் கணவர் என்னைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம். ஒரு நாள் பல் தேய்த்துவிட்டதில்லை. சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டதில்லை. சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறார்களே, அது யார் கிறுக்கல், எந்தக் கைக் கிறுக்கல் என்று நின்று பார்த்ததில்லை. மட்டை வாங்க மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கிறார்.

“இடது கை” என்றேன்.

“அப்படியா?” என்று ஒரு கணம் விழித்தார். அடுத்த கணமே கடைக்காரரிடம், “பெரிய ஆட்டக்காரங்கள்ல நிறையப் பேர் இடது கைதான், இல்ல?” என்றார். அந்த மனிதர் தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் உள்ளே போனார்.

துணியால் துடைத்துக்கொண்டே ஒன்றை எடுத்து வந்தார். என் கணவர் வாங்கித் தன் வலது கை வழக்கப்படி பிடித்துப் பார்த்தார். மட்டையின் பந்தடிக்கும் முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது.

“வலது கைப் பிள்ளைக்கு இது சுத்தமா உதவாது சார். பில் போட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டோம். நல்லா யோசிச்சுக்குங்க.”

“அதான் சொல்லிட்டாளே” என்றார் என் கணவர்.

என் பேச்சை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

வெளியே வரும்போது கோப்பையை ஜெயித்தவர் போல மட்டையைத் தோளில் சாய்த்திருந்தார். கார் அருகே வந்ததும் ஏதோ நினைவு வந்து நின்றார்.

“வழியில பாப்பாவுக்கும் ஏதாவது வாங்கிடலாம். இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.”

“அவளுக்கு வாங்கியாச்சு.”

“எப்போ?”

மட்டையை அவர் தோளிலிருந்து எடுத்து, உள்ளே உட்கார்ந்து, என் மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இடது கைப் பழக்கம் அவள் ஒருத்திக்குத்தான். கண்ணாடியை உடைத்ததும் அந்தக் கைதான்.