காலியாக விட்ட கட்டம்

“மூணாவது தடவையா இதைத் திருப்பி அனுப்பறேன். அந்த டாக்டரம்மாவுக்குக் கையில என்ன சுளுக்கா?”

ஃபைலை மேஜைமேல் அறைந்தாள் கண்கொத்தி. டாக்டர்கள் எழுதி வைப்பதைப் படித்து, இன்சூரன்ஸ் கேட்கிற கோட் நம்பர்களாக மாற்றுவது அவள் வேலை. விட்டுப்போன எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் ஆஸ்பத்திரி வைத்த பேர் அது.

இப்போது விட்டுப்போனது ஒரே கட்டம். விலா எலும்பு முறிந்து படுத்திருந்த பெண்ணை டிஸ்சார்ஜ் செய்து எங்கே அனுப்பினார்கள்? வீட்டுக்கா, வேறு ஆஸ்பத்திரிக்கா, என்ன முகவரி? அது இல்லாமல் பில் நகராது.

அந்தப் பெண்ணின் புருஷன் நாலு நாளாகக் கவுண்டரில் நிற்கிறான். தங்கமான மனுஷன். ஒரு சத்தம் கிடையாது.

“உங்க கஷ்டம் புரியுது மேடம். எல்லாம் எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி கொடுத்தா போதும்.”

கண்கொத்தி மூன்று மாடி ஏறினாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், நீங்க எழுதாதது எங்களுக்கு நடக்காதது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“வீடுன்னு ரெண்டே எழுத்து. அதுக்கு நல்ல நேரம் பார்க்கணுமா?”

“அவங்க வீட்டுக்குப் போகலை. நான் பொய் எழுத மாட்டேன்.”

“அப்ப எங்கே போனாங்களோ அதை எழுதித் தொலைங்க!”

“அதையும் எழுத மாட்டேன்.”

கண்கொத்திக்கு உச்சந்தலை கொதித்தது. “படிச்ச திமிர்! கீழே ஒரு மனுஷன் கால் கடுக்க நிக்கறார். உங்களுக்குப் பேனாவைத் தூக்க வலிக்குது!”

டாக்டரம்மா குழாயை மூடினாள்.

“பாலிசி யார் பேர்ல?”

“அவர் பேர்லதான்.”

“நீங்க அனுப்பற விவரமெல்லாம் யார் போனுக்குப் போகும்?”

“அவர்...” கண்கொத்தி நிறுத்தினாள்.

“மூணு விலா. முதுகுல செருப்புத் தடம். படியில விழுந்தாளாம்!” டாக்டரம்மா ஈரக் கையை உதறினாள். “பின்வாசல் வழியா ஒரு பத்திரமான இடத்துக்கு அனுப்பி வெச்சேன். நாலு நாளா அந்தத் தங்கமான மனுஷன் தேடறது அந்த இடத்தைத்தான். கட்டத்தை நிரப்பட்டுமா?”

கண்கொத்தி கீழே இறங்கினாள்.

‘விவரம் தெரியவில்லை’ என்பதற்கும் ஒரு கோட் உண்டு. போட்டால் போட்டவள் தலைதான் உருளும். அதையே போட்டு அனுப்பிவிட்டு, காப்பியை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

அவன் பரபரவென்று படித்தான். பணிவெல்லாம் எங்கே போனதோ.

“எங்கே போனாள்னு போடலையே! எவ அதை எழுதாம விட்டது? பேரைச் சொல்லு, கம்ப்ளெயின்ட் எழுதறேன். வேலையை விட்டே துரத்தறேன்!”

கண்கொத்தி புகார் நோட்டை அவன் முன்னால் தள்ளி, தன் பேனாவையும் வைத்தாள்.

“உன் சம்சாரம் போறப்ப கேட்டு எழுத வேண்டியது என் வேலை. கேட்கலை. இப்ப இங்க யாருக்குமே தெரியாது. என் முழுப் பேரும் சொல்றேன், எழுது.”