ஏழாவது ஆளின் கை

மூடிப்போன சாய மில்லின் வரலாறு, கால்வாய்ச் சுவரில் முப்பதடி நீள ஓவியமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. தொழிலாளிகள் பன்னிரண்டு பேரும் தொட்டியில் துணியை முக்கும்போதுகூடப் பல்லைக் காட்டுகிறார்கள். மேலிடம் ஒப்புக்கொண்ட மாதிரிப்படம் அப்படி. கீழே தண்ணீர் நகர மனமில்லாமல் கிடக்கிறது. மந்தாரமான வெளிச்சத்தில், இறந்துபோன சாயக்காரர் ஒருவரின் மனைவி ஒவ்வொரு கையாக உற்றுப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.

“முகத்தைப் பாருங்கம்மா. ஏழாவது ஆள்தான் உங்க வீட்டுக்காரர்,” என்கிறான் ஓவியன்.

“இவரா? சிரிக்கிறாரே தம்பி. அவருக்கு முழங்கை வரைக்கும் கறுப்பு. எல்லாச் சாயமும் ஏறி ஏறி அப்படி ஆயிடுச்சு. நீங்க எல்லாருக்கும் ஆபீசர் கையை மாட்டி விட்டிருக்கீங்க.”

ஓவியனுக்குச் சுருக்கென்கிறது. அவன் பார்த்து வரைந்தவை பழைய கறுப்புவெள்ளைப் படங்கள். அவற்றில் எல்லாரும் உடம்பெல்லாம் கறுப்புதான்; கையில் ஏறிய சாயம் தனியாகத் தெரியவில்லை. தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, ஏழாவது ஆளின் இரண்டு கைகளையும் முழங்கை வரை நிரப்புகிறான். அந்த அம்மா ஈரம் காயாத விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரல்களை வைத்தபடி நிற்கிறார்.

பார்வையிட வந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிகிறார்.

“என்னப்பா கறை இது? தேய்ச்சு எடுத்துடு.”

“தேய்ங்க சார்,” என்கிறார் அந்த அம்மா. “நானும் முப்பது வருஷம் தேய்ச்சேன்.”