வேலாயியின் கண்ணீர்

"டிரெசர் ஐயா, கண்ணீரு எது, செம்புத் தண்ணி எதுன்னு உங்களால கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

தோட்டத்து ஆஸ்பத்திரிப் படியேறியதும் காளிமுத்துக் கங்காணி கேட்ட முதல் கேள்வி இது. அவருக்குப் பின்னால் வேலாயியும் மீனம்மாவும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். வேலாயியின் புருஷன் சாமிக்கண்ணு வாசலிலேயே நின்றுவிட்டான். கித்தா எனும் ரப்பரைக் காயவைக்கும் புகைக்கொட்டகையில் வேலை பார்ப்பவன். அவன் கண் சிவந்திருப்பது யாருக்கும் புதிதல்ல.

டிரெசர் கனகரட்ணத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, பாயா ரும்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கலக்கியே காலம் தள்ளுகிறவர். அவருடைய படிப்புக்கு ஏற்ற கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"ஓம், சொல்லலாம். என்ன விஷயம்?"

"எங்க ஆத்தா செத்தன்னைக்கு வேலாயிதான் முன்ன நின்னு ஒப்பாரி வச்சா. நம்ம தோட்டத்துல எந்தச் சாவுக்கும் அவதானே? இப்ப மீனம்மா என்னடான்னா, அவ முந்தானையத் தண்ணியில நனைச்சுக் கண்ணுல ஒத்திக்கிறான்னு லயத்து வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறா. வெள்ளிக்கிழமை கருமாதி. பொய்யா அழுவுறவள எங்க ஆத்தா காரியத்துல உக்கார வைக்க மாட்டேன். அப்புறம் வேற எந்த வீட்டுலயும் அவளக் கூப்பிட மாட்டாங்க."

"எத்தனையோ சாவுல பாத்துட்டேன்," என்றாள் மீனம்மா. "மாரடிச்சு அழுது முடிச்சு எந்திரிச்சா, அவ கண்ணு பளிச்சுனு இருக்கும்."

வேலாயி நிமிர்ந்தாள். "என் ஒப்பாரியக் கேட்டு அழாத மனுசன் இந்தத் தோட்டத்துல உண்டா? அதச் சொல்லு மொதல்ல."

கனகரட்ணம் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அரிசி கழுவிய நீர் மாதிரி உள்ளே கலங்கலாக ஏதோ இருந்தது.

"இதெல்லாம் கிருமி. பயப்பட வேண்டாம், ஆளுக்கு ஒண்டும் செய்யாது. மலாக்காவில என்ர சிநேகிதன் தந்தவன். நாள் முழுக்க எங்கட கண்ணில தூசி விழுகுது, கிருமி விழுகுது. எண்டாலும் கண் சும்மா சும்மா அழுகிப் போறதில்லை. ஏன்? கண்ணீருக்குள்ள கிருமியைக் கரைக்கிற சாமான் ஒண்டு கிடக்கு. சீமையில அண்மையிலதான் கண்டுபிடிச்சிருக்கினம். இதுக்குள்ள கண்ணீர் விட்டால் தெளியும். தண்ணி விட்டால் இப்பிடியே கலங்கி நிக்கும்."

வெங்காயம் உரித்துத் தன் கண்ணீரைத் தானே சோதித்துப் பார்த்திருந்தார். அதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப இங்கயே அழச் சொல்லுங்க," என்றாள் மீனம்மா.

"சாவு விழாத எடத்துல ஒப்பாரியா? அதுவும் ஆஸ்பத்திரியில? உள்ள படுத்திருக்கிற சீக்காளிங்க என்னான்னு நெனப்பாங்க?" என்றாள் வேலாயி.

நியாயமான பேச்சு. சாயங்காலம் கங்காணி வீட்டில் பெண்கள் கூடி அழும்போது கண்ணீரைப் பிடித்து வரச் சொல்லி, டிரெசர் வேலாயியிடம் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம், கித்தாப் பால் எடை போட்டு முடிந்ததும் பாதி லயம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வேலாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போத்தலை மேசைமேல் வைத்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

கனகரட்ணம் முதலில் ஒரு குழாயில் கிணற்றுத் தண்ணீர் விட்டார். அது கலங்கியபடியே இருந்தது. இன்னொன்றில் வேலாயியின் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கங்காணியின் கையிலேயே கொடுத்தார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலாயி மட்டும் குழாயைப் பார்க்காமல் மீனம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலங்கல் மெல்ல மெல்லப் பிரிந்தது. சற்று நேரத்தில் குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த கங்காணியின் கட்டைவிரல் ரேகை இந்தப் பக்கம் தெரிந்தது.

"கண்ணீருதான்," என்றார் கங்காணி. "எங்க ஆத்தாவுக்கு நெசமாவே அழுதிருக்கா. வேலாயி, வெள்ளிக்கிழமை நீதான் முன்ன உக்காரணும்."

மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "வாய் தவறிச் சொல்லிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காத."

"விடு, நீயும் நம்ம பொண்ணுதானே," என்றாள் வேலாயி. ராணி மன்னித்த தோரணைதான்.

எல்லாரும் கலைந்தார்கள். கனகரட்ணத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. விஞ்ஞானம் ஒரு ஏழையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. அதைச் செய்தது அவர் கை.

"வேலாயி, இன்னொரு போத்தல் பிடிச்சுத் தாரும். மலாக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டப் போறன். இப்பிடி வீரியமான கண்ணீர் நான் பார்த்ததில்லை."

"அதுக்கென்னங்கய்யா, எங்க வீட்டுல கண்ணீருக்குப் பஞ்சமே இல்ல," என்று போத்தலை வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

ஜன்னலைச் சாத்தப் போன கனகரட்ணத்தின் காதில், கீழே அவள் சாமிக்கண்ணுவிடம் பேசுவது விழுந்தது.

"ஆம்பள அழுதா சிரிப்பாங்கன்னு இத்தன நாளா ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதீங்களே, இன்னைக்கி அந்தக் கண்ணீருதான் நம்ம மானத்தக் காப்பாத்துச்சு. ஐயா இன்னொரு போத்தல் கேக்குறாரு. சாயங்காலம் நான் பாடுறேன், நீங்க அழுதுருங்க."