பேச்சில் பாரபட்சம்

"மீன் கருகறதுகூடத் தெரியாம என்னத்தடா வேடிக்கை பாக்கற, டிராங்கோ?"

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எங்கள் தெருமுனை மீன் வறுவல் கடை முதலாளியம்மா நரெல் பேசுவதே இப்படித்தான். டிராங்கோ என்றால் எங்கள் ஊரில் மடையன். திட்டு வாங்கிய டேமோ பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்கிறான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பிலிப்பா. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் நலனைக் கவனிக்கிற அதிகாரி.

"உங்க பேர்ல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. கிஞ்சாங் எழுதிக் கொடுத்திருக்கார்."

கிஞ்சாங் பூட்டானிலிருந்து படிக்க வந்தவன். சாயங்காலத்தில் இங்கே வேலை. தலை நிமிராமல் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னன்னு எழுதியிருக்கான்?" என்றாள் நரெல்.

"'முதலாளியம்மா பேச்சில் பாரபட்சம் காட்டுகிறார்.' இந்த ஒரு வரிதான். நிஜம்னா எங்க பசங்க யாரையும் இனிமே இங்க வேலைக்கு அனுப்ப மாட்டோம்."

வாங்க வந்த மீனையே மறந்துவிட்டேன். நன்றாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. போன வாரம் மீன்மேல் தெளிக்க வினிகர் கொஞ்சம் கூடக் கேட்டதற்கு, "குளிக்கப் போறியா?" என்று என்னைக் கேட்டவள் ஆயிற்றே.

நரெல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டேமோவைத் திட்டுவேன். மீன் கொண்டாந்து போடறவனைத் திட்டுவேன். இதோ வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறானே வெட்டிப்பய, இவனையும் திட்டுவேன்."

வெட்டிப்பய நான்தான்.

"ஆனா அம்மா அப்பாவை விட்டுட்டு வந்த புள்ள, மனசு நோகக் கூடாதுன்னு கிஞ்சாங்கை மட்டும் இந்த ஏழு மாசத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவனையே கேளுங்க."

"அப்படியா கிஞ்சாங்?" என்றார் பிலிப்பா.

"ஆமா மேடம். ஒரு தடவைகூடத் திட்டினதில்ல."

"அப்புறம் என்னப்பா கம்ப்ளெயிண்ட்?"

"அதான் மேடம் கம்ப்ளெயிண்ட்."

கிஞ்சாங் கத்தியைக் கீழே வைத்தான்.

"என்கூடப் படிக்கற பசங்கள்லாம் வேலை செய்யற இடத்துல ஆளுக்கு அம்பது உள்ளூர் வார்த்தை கத்துக்கிட்டாங்க. என்கிட்ட இவங்க, 'சிரமமில்லேன்னா அந்தக் கிழங்கைக் கொஞ்சம் நறுக்கறீங்களா'ன்னுதான் பேசறாங்க. இந்த ஊர்ல வேண்டியவங்களைத்தானே மேடம் திட்டுவாங்க? நான் இன்னும் வெளியாளாவே நிக்கறேன்."

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

நரெல் அவன் பக்கம் திரும்பினாள். ஏப்ரனில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டா கிளிமண்டை, இதை என்கிட்டயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ஆபீசரைக் கூட்டிட்டு வந்து மானத்தை வாங்கறியா? நின்னது போதும், கிழங்கை நறுக்குடா தடிமாடு!"

கிஞ்சாங் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

"முதல்லேர்ந்து மெதுவா ஒரு தடவை திட்டுங்கம்மா. எழுதிக்கறேன்."