ஒடுக்கு விழுந்த குவளை

பேச்சிமுத்து அண்ணாச்சி லிட்டர் குவளையில் நல்லெண்ணெயை வாய்வரை அளந்து, தராசில் இருந்த பாத்திரத்தில் ஊற்றினார். தராசுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஒரு கிலோ இல்லையே. மிச்சத்தை எங்கடா ஒளிச்சே, திருட்டுப் பயலே?”

“நான் பார்க்கிறது கொள்ளளவு, நீ பார்க்கிறது எடை. எண்ணெய் லேசான சரக்கு. உனக்கு எத்தனை தடவை சொல்றது?” என்று குவளை கத்தியது.

அண்ணாச்சி தராசைத்தான் நம்பினார். குவளையைத் தரையில் ஓங்கி அடித்தார். அதன் வயிற்றில் பெரிய ஒடுக்கு விழுந்தது.

மறுநாள் அதே குவளையில் தேன் அளந்தார். ஒடுக்கு இடத்தை அடைத்துக்கொண்டதால், குவளை வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குறைத்து அளந்தது. தேன் கனமான சரக்கு. தராசு முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது.

“பாத்தீங்களா அண்ணாச்சி, அடி விழுந்ததும் பய திருந்திட்டான்” என்றது தராசு.