ஆணி மட்டும்

ஐந்து ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் கூட்டம் மொய்த்தது என்னவோ குறுந்தாடியின் சுவரைத்தான். அங்கே இருந்தது ஒரே ஒரு ஆணி; அதன் கீழே 'நினைவு' என்று ஒரு சீட்டு.

"அடடா, இல்லாமையையே மாட்டி வெச்சிருக்கான் பாருங்க!" என்று உருகினார் ஒரு கண்ணாடிக்காரர். அவர் மனைவி ஆணியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

கண்காட்சிக்கு ஏற்பாடு செய்த அக்கா, குறுந்தாடியை ஓரம்கட்டினாள்.

"நேத்து மாட்டின பொம்பளை படம் எங்கடா? வித்துட்டியா?"

"ஒருத்தர் அதைப் பார்த்து அழுதார்க்கா. செத்துப்போன அவர் பொண்டாட்டி மாதிரியே இருக்காம். வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சாம். சும்மாவே குடுத்துட்டேன்."

குறுந்தாடி ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே அது தெருவுக்கெல்லாம் செய்தி. அக்கா விடுவாளா?

"பெரிய வள்ளல்! யாரைப் பார்த்து வரைஞ்சேன்னு அவர் கேக்கலையா?"

"கேட்டார். கற்பனைன்னு சொன்னேன்."

"கன்னத்துத் தழும்பு வரைக்குமா? அவர் நம்புவார், நான் நம்பலை."

குறுந்தாடி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவ கல்யாணத்துக்கு முன்னாடி வரைஞ்சதுக்கா. என்கிட்டயும் அவளோட வேற படம் இல்லை."