ஹாட்லியா, டன்மோரா

இரண்டு துப்பாக்கிகளும் கண்ணாடி மேஜைமேல் பச்சைத் துணியில் கிடந்தன.

ஒன்று ஹாட்லி, ஒன்று டன்மோர்; இரண்டும் இந்த வருஷத்துப் புது வரவு. இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டால் கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாத அளவுக்குச் சின்னவை. கடைக்காரர் லைல் இரண்டின் மேல்பாகத்தையும் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இதப் பாருடா கஸிமிர். உங்க டன்மோர்காரன் இந்த வருஷமும் சோப்பு டப்பாதான் செஞ்சிருக்கான்," என்று ஆரம்பித்தார் ஆர்மன்.

முப்பத்தொரு வருஷமாக அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

கனெக்டிகட் ஆற்றுக்கு இக்கரையில் ஹாட்லி துப்பாக்கித் தொழிற்சாலை, அக்கரையில் டன்மோர். ஆர்மன் ஹாட்லியில் குழல் பொருத்தியவர். கஸிமிர் டன்மோரில் விசை பொருத்தியவர். வசந்தத்தில் புது மாடல்கள் வந்திறங்கியதும் முதல் சனிக்கிழமை இருவரும் இந்தக் கடைக்கு வந்து நின்று, எது உசத்தி என்று மல்லுக்கட்டுவார்கள். தோற்றவர் மறுநாள் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் எதிராளி கம்பெனித் தொப்பியோடு நிற்க வேண்டும். இதுவரை ஒருவரும் நின்றதில்லை. தோற்றால்தானே நிற்பதற்கு! வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சண்டைக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

கஸிமிர் புன்னகைத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

நீங்க! ஆர்மனை 'அடேய் தவளைவாயா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அழைக்காத மனிதர்.

கஸிமிருக்குப் போன இலையுதிர் காலத்தில் தொடங்கிய மறதி. முதலில் தெருப் பெயர்கள் போயின, பிறகு ஆட்களின் பெயர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மகள் வாண்டா அவரை அரிசோனாவுக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறாள். இன்று வாசலருகே பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். ஆர்மன் தொலைபேசியில் அரைமணி நேரம் கெஞ்சியதால்தான் இங்கே வந்திருந்தாள். "என்னை அவன் ஒரே ஒரு தடவை திட்டிட்டா போதும்மா," என்று கேட்டிருந்தார்.

கஸிமிர் டன்மோரைக் கையில் எடுத்தார். யாரும் சொல்லாமலே விரலை விசையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, உள்ளே காலியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். ஆர்மன் அந்தக் கையையே பார்த்தார். கைக்கு நினைவிருக்கிறது. அப்படியானால் மிச்சமும் எங்கேயோ இருக்கும்.

கஸிமிரின் வாயைக் கிளற ஆரம்பித்தார். கைப்பிடி குட்டை, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறது என்றார். மேல்பாகத்தை இழுக்க இரண்டு ஆள் வேண்டும் என்றார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், சொல்லக் கூடாத அந்த வார்த்தையையும் சொன்னார்.

"விசையா இது? சேத்துல மாட்டுன காலைப் புடுங்குற மாதிரி இருக்கு."

முன்பு ஒரு வருஷம் இதே வார்த்தைக்காகக் கஸிமிர் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையோடு ஆர்மன் வீட்டுக் கதவைத் தட்டி, வணக்கம்கூடச் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். அன்று இருவரும் சாப்பிட்டுக்கொண்டே கத்தினார்கள். அவ்வளவு சந்தோஷமான சனிக்கிழமை ஆர்மனுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

"அப்படிங்களா? அடடா," என்று சொல்லிவிட்டுக் கஸிமிர் துப்பாக்கியைத் துணிமேல் வைத்தார்.

அவ்வளவுதான். இனி யாரிடம் வீம்பு பிடிப்பது? போகிறவன் ஜெயித்துவிட்டாவது போகட்டும் என்று ஆர்மனுக்குத் தோன்றியது.

"சரி, நான் தோத்துட்டேன். டன்மோர்தான் உசத்தி. ஹாட்லி வெறும் குப்பை. எப்பவுமே குப்பைதான்."

இதைக் கனவில்கூட அவர் சொன்னதில்லை. கடைக்காரர் லைல் திரும்பிப் பார்த்தார்.

கஸிமிரின் புன்னகை அணைந்தது. பழையபடி கழுத்திலிருந்து முகம்வரை சிவப்பேறியது. ஹாட்லியை எடுத்து, குழலைக் கூரைப்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆர்மனை முறைத்தார்.

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க ஐயா. இந்தக் குழல் உக்காந்திருக்கிற அழகப் பாருங்க. மயிரிழை ஆடுதா? ஆத்துக்கு அந்தப் பக்கம் நாங்க எத்தனை பேரு இருந்தோம், ஒருத்தனுக்கு இந்தக் கை வருமா?"

அத்தனையும் ஆர்மனின் வார்த்தைகள். வருஷா வருஷம் இதே மேஜையருகே அவர் தொண்டை கிழியச் சொன்னவை. காதைப் பொத்திக்கொண்டு நின்ற மனிதர் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் ஆர்மன்.

"ஹாட்லியில ஆர்மன்னு ஒருத்தன். தவளைவாயன். அவன் சொல்றது சரின்னு அவன்கிட்ட நான் ஒத்துக்கிட்டதில்ல, நீங்களும் போட்டுக் குடுத்துடாதீங்க." கஸிமிர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவன் இல்லாத நேரமாப் பாத்து அவன் வேலையக் குறை சொன்னா, நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

பிறகு கோபம் இறங்கி, புது ஆளிடம் கடுமையாகப் பேசிவிட்டோமே என்று சங்கடப்பட்டவர்போல ஆர்மனின் தோளைத் தொட்டார்.

"இன்னிக்கு சனிக்கிழமைதானே? செத்த இருங்க. இப்ப வந்துடுவான்."

"சரிங்க," என்றார் ஆர்மன்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.